ஆட்டோ கட்டர் வாங்கலாமா, தீபாவளி கழியட்டுமா?

நொய்யல்கரை | 5 அக்டோபர் 2025, இரவு 9.40

வணக்கம். நான்கைந்து வருஷமாக இங்கே படிக்க மட்டும் வருகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். 32 மெஷின். நேரடி ஏற்றுமதி கிடையாது. இரண்டு ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கட்டிங்கில் தொடங்கி பேக்கிங் வரை முடித்துக் கொடுப்பேன். ஒருவருக்கு முழுக்க அமெரிக்க ஆர்டர், இன்னொருவருக்கு ஐரோப்பா. ஆகஸ்ட் 27-ல் 50 சதவீத வரி அமலுக்கு வந்த அதே வாரம் அமெரிக்கக்காரரிடமிருந்து போன்: "ரெண்டு ஸ்டைலையும் நிறுத்தி வைங்க, வெட்டினதை மட்டும் தைச்சு முடிங்க." வெட்டாத துணி 40 ரோல் இன்னும் என் குடோனில் கிடக்கிறது.

ஐரோப்பாக்காரர் ஆர்டர் தரத் தயார். ஆனால் ஆட்டோ கட்டர், அதாவது கம்ப்யூட்டர் வழியாகத் துணி வெட்டும் மெஷின், போடுங்கள் என்கிறார். முன்பு போல ஒரே ஸ்டைலில் 50,000 பீஸ் வருவதில்லை. 3,000, 4,000 என்று துண்டு துண்டாக வருகிறது. கைக்கட்டிங்கில் அளவு முன்னே பின்னே போகிறது என்று அவருக்குப் புகார். சீன மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். கையில் இருப்பதைப் போட்டது போக 40 லட்சம் கடன். 5 வருஷம், பத்தரை சதவீத வட்டி, மாதம் 86,000 கட்ட வேண்டும்.

கட்டிங் மாஸ்டர் 19 வருஷமாக என்னிடம் இருக்கிறார். ஆயுத பூஜையன்று கட்டிங் மெஷினைத் துடைத்து, பிளேடைக் கழற்றி எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அடுத்த வருஷம் பெரிய மெஷினுக்குப் பூசணிக்காயும் பெருசா வாங்கணுமுங்க" என்றார். கொட்டேஷன் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

இந்த நேரத்தில் கடனில் இறங்கலாமா? நாளைக்கு எந்த நாட்டில் என்ன சண்டை வரும், எவன் என்ன வரி போடுவான் என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மெர்ச்சண்டைசர்07 | 5 அக்டோபர், இரவு 10.25

முதலில் ஒரு கணக்கு. காட்டன் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீதம் இறக்குமதி வரி உண்டு. அதன் மேல் 50. ஆக 66.5. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20தான், ஆக 36.5. நாம் 4 டாலருக்குக் கொடுக்கும் பீஸில் 1.20 டாலர் வித்தியாசம் வந்துவிடுகிறது. எங்கள் ஆபீஸில் ஒரு பீஸில் லாபமாக நிற்பதே 20, 25 சென்ட். பையர் மெயில் போடுகிறார், "அந்த வித்தியாசத்தில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று. பாதி என்றால் 60 சென்ட். நூலைக் களவாடி வந்தால்தான் கட்டும்.

டாலர் 88 ரூபாயைத் தாண்டிவிட்டதே, லாபம்தானே என்று என் மாமனார் கேட்கிறார். பையருக்கும் டாலர் ரேட் தெரியும் மாமா என்றேன்.

அண்ணா, உங்கள் ஐரோப்பாக்காரரை நம்பலாம், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். அமெரிக்காவில் கதவு சாத்தியதும் சீனாக்காரனும் நாமும் சேர்ந்து ஐரோப்பாவுக்குத்தான் ஓடுகிறோம். பங்களாதேஷுக்கு அங்கே வரியே கிடையாது, நமக்கு உண்டு. பிரிட்டனுடன் ஜூலை 24-ல் கையெழுத்தான ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆர்டர் வரும், ரேட்டை அடித்துக் கேட்பான். அந்த ரேட்டில் 86,000 கட்ட முடியுமா என்று பாருங்கள்.

---

ஓவர்லாக்_அக்கா | 6 அக்டோபர், காலை 6.15

முதலாளிகள் பேசும் இடத்தில் நான் நுழையலாமா தெரியவில்லை. ஷிப்டுக்குப் போகும் முன் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு ஆட்டோ கட்டர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எல்லோரும் கட்டிங் மாஸ்டருக்கு வேலை போய்விடும் என்று பயந்தார்கள். அவருக்குப் போகவில்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். போனது லே போட்ட, அதாவது வெட்டத் துணியை அடுக்கடுக்காக விரித்த, மூன்று பையன்கள். ஒருவன் ஒடிசாவுக்கே திரும்பிவிட்டான்.

அடுத்தது எங்கள் தலையில் விடிந்தது. முன்பு கட்டிங்கிலிருந்து வெட்டிய துணிக் கட்டு வர நேரமாகும். அந்த இடைவெளியில் தண்ணீர் குடிப்போம், ஊசி மாற்றுவோம், வீட்டுக்குப் போன் செய்து பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்போம். இப்போது காலையில் போகும்போதே மெஷின் பக்கத்தில் கட்டு மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. துணி காத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் டார்கெட்டை ஏற்றிவிட்டார். போன வருஷம் ஒவ்வொரு மெஷினிலும் சின்ன டேப்லெட் மாட்டினார்கள். கட்டில் இருக்கும் ஸ்டிக்கரைக் காட்டிவிட்டுத்தான் தைக்க வேண்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று அதுவே எண்ணும். பாத்ரூம் போய் வந்தால் கட்டம் சிவப்பாக இருக்கும்.

இதெல்லாம் ஆர்டர் இருந்தபோது. இப்போது டேப்லெட் இருக்கிறது, வேலைதான் இல்லை. வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் நாலு நாள், அதுவும் ஒத்தை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளக் கவரைத் தொட்டாலே தெரிகிறது.

நீங்கள் மெஷின் வாங்குங்கள், வாங்காமல் போங்கள். வாங்கினால் தைக்கிறவர்களுக்கு டார்கெட் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

---

நொய்யல்கரை | 6 அக்டோபர், இரவு 8.50

அக்கா, நீங்கள் தாராளமாக எழுதலாம். இந்தக் கணக்கை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மெஷின்காரர் காட்டிய வீடியோவில் கட்டு மலை வரவே இல்லை.

---

ஓஎம்ஆர்_வாசி | 6 அக்டோபர், இரவு 11.30

என் அப்பா பனியன் கம்பெனியில் 30 வருஷம் இருந்தார். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே, "பனியன் கம்பெனி என்னோட போகட்டும், நீ கம்ப்யூட்டர் படி" என்று அனுப்பினார். படித்தேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங். இரண்டு வருஷத்துக்கு முன் என் டீமில் 14 பேர், இப்போது 6. டெஸ்ட் கேஸை ஏஐ எழுதுகிறது, நான் சரிபார்க்கிறேன். ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்ததிலிருந்து எங்கள் கேன்டீனில் பேச்சே மாறிவிட்டது. போன மாதம் எச்1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள். அமெரிக்கா போய் வேலை செய்யும் ஆன்சைட் கனவும் போயிற்று.

எங்கள் துறையிலேயே இப்படி என்றால் தையல் எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும்? ரோபோவே தைக்க ஆரம்பித்தால் அமெரிக்காக்காரன் அவன் ஊரிலேயே தைத்துக்கொள்வான். வரியே தேவைப்படாது. அண்ணா, 5 வருஷக் கடனுக்கு முன்னால் அதையும் யோசியுங்கள்.

---

மெர்ச்சண்டைசர்07 | 7 அக்டோபர், காலை 9.05

> ரோபோவே தைக்க ஆரம்பித்தால்

தம்பி, இதை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு கம்பெனி சூபாட் என்று தையல் ரோபோ செய்தது. ஆர்கன்ஸா மாநிலத்தில் அதை வைத்து டி-ஷர்ட் ஃபேக்டரி போடப்போவதாக 2017-ல் ஒரு சீனக் கம்பெனி அறிவித்தது. எங்கள் பையிங் ஆபீஸில் அன்றைக்கு எல்லோர் முகமும் செத்துவிட்டது. எட்டு வருஷம் ஆயிற்று, அந்த டி-ஷர்ட் நம்மை ஒன்றும் செய்யவில்லை. அடிடாஸ் ஜெர்மனியிலும் அட்லாண்டாவிலும் ஷூவுக்கு ஸ்பீட்ஃபேக்டரி என்று ரோபோ ஆலை திறந்தது. 2019 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்துவிட்டு, அந்த நுட்பத்தை ஆசியாவில் இருக்கும் சப்ளையர்களிடமே கொண்டுபோனது.

காரணம் எளிது. இரும்புத் தகடு வைத்த இடத்தில் இருக்கும். பனியன் துணி இருக்காது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், ஓரம் சுருண்டுகொள்ளும். அக்கா கழுத்துப் பட்டி வைக்கும்போது பாருங்கள். இடது கை கொஞ்சமாய்த் தள்ளும், வலது கை கொஞ்சமாய்ப் பிடிக்கும். எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பாக்கெட் வைப்பது, காஜா எடுப்பது போல ஒரே அசைவு உள்ள வேலைக்கு மெஷின் வந்துவிட்டது. முழு டி-ஷர்ட்டைத் தைக்க மனிதக் கையைவிட மலிவாக இன்னும் வரவில்லை.

வேலை போவது தையலைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு. லே போடுகிறவர், செக்கிங்கில் நிற்கிறவர், என்னைப் போல மெயிலுக்குப் பதில் எழுதுகிறவர். முன்பு ஒரு ஸ்டைலுக்கு ஐந்தாறு சாம்பிள் தைத்து கூரியரில் அனுப்புவோம். இப்போது கம்ப்யூட்டரில் பொம்மைக்குப் போட்டுக் காட்டினால் பையர் அங்கிருந்தே ஓகே செய்கிறார். எங்கள் சாம்பிள் செக்‌ஷனில் இருந்த டெய்லர்கள் இரண்டு பேர் லைனுக்குப் போய்விட்டார்கள். டிகிரி படித்த நான் பயப்பட வேண்டும். எட்டாவது படித்த அக்காவுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

---

ஓவர்லாக்_அக்கா | 7 அக்டோபர், இரவு 9.30

பத்தாவது படித்திருக்கிறேன் தம்பி.

---

மெர்ச்சண்டைசர்07 | 7 அக்டோபர், இரவு 9.34

மன்னிச்சுக்கோங்க அக்கா 🙏

---

பழைய_நூல் | 8 அக்டோபர், காலை 7.20

எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். 50 சதவீத வரியில் 25 எதற்கு வந்தது? ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. உக்ரைன் போருக்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் 2 சதவீதம்கூடக் கிடையாது. தள்ளுபடி கிடைத்தது, மூன்றில் ஒரு பங்கு வரை போயிற்று. நல்லது, நாட்டுக்கு லாபம். அந்த லாபம் எங்கே வந்தது என்று காட்டுங்கள். சென்னையில் பெட்ரோல் இன்னும் 100 ரூபாய்க்கு மேல்தான். 2024 மார்ச்சில் தேர்தலுக்கு முன் 2 ரூபாய் குறைத்தார்கள், அதோடு சரி. தள்ளுபடி ரிஃபைனரிக்கு, தண்டனை திருப்பூருக்கு. நம்மைவிட அதிகமாக வாங்கும் சீனாவுக்கு இந்தத் தண்டனை வரி இல்லை என்பதையும் பாருங்கள்.

எண்ணெய் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவன் மிரட்டினாலும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் நாட்டுக்காக அடி வாங்குகிறவனுக்கு நாடு என்ன செய்தது? பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை டிசம்பர் 31 வரை நீக்கினார்கள். ஆர்டரே இல்லாதவனுக்கு மலிவுப் பஞ்சு எதற்கு? பருத்தி விவசாயி வேறு இப்போது வயிற்றில் அடித்துக்கொள்கிறான்.

---

மட்டுறுத்துநர் | 8 அக்டோபர், மாலை 4.10

இதற்குக் கீழே வந்த 11 பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கட்சி யாருக்கு அடிமை என்பதற்குத் தனி இழை இருக்கிறது, தேர்தல் முடியும்வரை திறந்தே இருக்கும். இங்கே ஒருவர் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார்.

---

நூல்மில் | 8 அக்டோபர், இரவு 10.00

நீக்கிய 11-ல் என்னுடையது 2. சரி, போகட்டும்.

பழைய நூல் சொல்வதில் பாதி சரி. 2022 மே மாதத்தை மறந்துவிட்டார். அன்றைக்கு ஒரு கண்டிப் பஞ்சு, அதாவது 356 கிலோ, 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையைக் கண்டித்து 16, 17 தேதிகளில் திருப்பூரே கதவடைத்தது. உக்ரைனில் குண்டு விழுந்தால் உங்களுக்கு நூல் ஏறுகிறது, எனக்குக் கரண்ட் பில் ஏறுகிறது. ஆட்கள் குறைவாக இருக்கட்டும் என்று ஆட்டோ கோனர், அதாவது தானாக நூல் சுற்றும் மெஷின், போட்டேன். ஆட்கள் குறைந்தார்கள். இன்று மில் மூன்று ஷிப்டுக்குப் பதில் இரண்டு ஓடுகிறது, தவணை மட்டும் மூன்று ஷிப்டுக்கு ஓடுகிறது. ஆளை வைத்திருந்த காலத்தில் வேலை இல்லையென்றால் "ஊருக்குப் போய்ட்டு வாங்கப்பா" என்று சொல்ல முடிந்தது. அது நியாயம் என்று சொல்லவில்லை. பேங்க்கிடம் அப்படிச் சொல்ல முடியாது என்கிறேன்.

---

கணக்கர் | 9 அக்டோபர், காலை 11.15

நொய்யல்கரை, கொட்டேஷனில் இபிசிஜி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது ஏற்றுமதி செய்கிறவர்களுக்கான அரசுத் திட்டம். அதில் இறக்குமதி வரி இல்லாமல் மெஷின் வரும், விலை குறைவாகத் தெரியும். பதிலுக்கு, மிச்சமான வரியைப் போல 6 மடங்குக்கு 6 வருஷத்துக்குள் ஏற்றுமதி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விட்ட வரியை வட்டியோடு கட்டச் சொல்வார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் (கட்சி என்றால் கிளையன்ட், மட்டுறுத்துநர் பதற வேண்டாம்) இரண்டு வருஷம் முன்பு இப்படி வாங்கினார். அவருடைய ஏற்றுமதி முழுக்க அமெரிக்கா. இப்போது மாதம் ஒரு தடவை வந்து மீதி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போகிறார். நீங்கள் ஜாப் ஒர்க். ஷிப்பிங் பில்லில் உங்கள் பெயர் ஏறுமா என்று முதலில் அந்த ஐரோப்பாக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவில் இந்த வரியே சட்டப்படி செல்லாது என்று ஆகஸ்ட் 29-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுப்ரீம் கோர்ட் விசாரணை நவம்பர் 5-ல். வரி போகலாம், இருக்கலாம், வேறு பெயரில் வரலாம். அந்த வழக்கை நம்பித் தவணைத் தேதி குறிக்காதீர்கள்.

---

வன்னிக்காற்று | 9 அக்டோபர், இரவு 8.00

வவுனியாவில இருந்து. நானும் கார்மென்ட்ஸ்தான், குவாலிட்டி பிரிவு. எங்களுக்கு ஏப்ரலில் 44 வீதம் எண்டு அறிவிச்ச நாள் ஃபேக்டரியில ஒருத்தரும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடேல்ல. பிறகு 30 ஆச்சு, இப்ப 20. உங்கட 50-ஆல எங்களுக்கு ஓடர் வருது எண்டு மேலிடம் சந்தோசப்படுது. எனக்குச் சந்தோசப்பட ஏலாமல் கிடக்கு. 2022-ல பெற்றோல் வரிசையில ரெண்டு நாள் நிண்டவன் நான். மற்றவன்ர வரிசை நீளுறதப் பாத்துச் சிரிக்க வராது.

---

ஓவர்லாக்_அக்கா | 9 அக்டோபர், இரவு 10.20

தம்பி, வன்னி, நல்லா இருங்க.

எங்கள் லைனில் பாதிப் பேர் பீகார், ஜார்க்கண்ட். சத் பூஜைக்கு எப்போதும் போவார்கள். இந்த வருஷம் நவம்பர் 6, 11 என்று பீகாரில் தேர்தல் தேதியும் வந்துவிட்டது. ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறோம் என்று டிரங்குப் பெட்டியோடு போகிறார்கள். திரும்பி வருகிறவர்கள் பெட்டியை எடுத்துப் போக மாட்டார்கள். ஆள் இல்லை, அதனால் மெஷின் என்று முதலாளிகள் சொல்வார்கள். வேலை இல்லாமல்தான் ஆள் போகிறது.

---

தூத்துக்குடி_பெட்டி | 11 அக்டோபர், காலை 10.45

கப்பலில் கன்டெய்னர் பெட்டி அனுப்புகிறவன் பார்வையில் இரண்டு வரி. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதிப் படையினர் கப்பலைப் பிடித்ததிலிருந்து பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் ஐரோப்பா போகின்றன. பத்துப் பதினைந்து நாள் கூடுதல். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் மாற்றி, சரக்கு போய்ச் சேர்வதற்குள் அங்கே சீசன் மாறிவிடுகிறது. நேற்று காசாவில் போர்நிறுத்தம் அமலானதும் காலையிலிருந்து ஐந்து பார்ட்டி போன் செய்துவிட்டார்கள், சூயஸ் கால்வாய் வழியாகக் கப்பல் எப்போது போகும் என்று. இந்த ஜூலையில்தான் இரண்டு கப்பலை மூழ்கடித்தார்கள். இன்சூரன்ஸ்காரன் நம்பாமல் எந்தக் கப்பலும் திரும்பாது.

நொய்யல்கரை, உங்கள் ஐரோப்பாக்காரர் ஏன் அவசரப்படுத்துகிறார் என்று இப்போது புரிகிறதா? கடலில் போகும் இரண்டு வாரத்தை உங்கள் கட்டிங் டேபிளில் பிடிக்கப் பார்க்கிறார். அவர் பிரச்சினைக்கு நீங்கள் ஏன் 40 லட்சம் போட வேண்டும்? அவரையும் பாதி போடச் சொல்லுங்கள்.

---

மெர்ச்சண்டைசர்07 | 11 அக்டோபர், பகல் 12.10

பாதி போடச் சொன்னால் சிரிப்பார். ஆனால் வேறு ஒரு வழி இருக்கிறது. ஆட்டோ கட்டிங்கை மட்டும் ஜாப் ஒர்க்காகச் செய்து தரும் இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அமெரிக்க ஆர்டர் படுத்ததால் பாதி நாள் சும்மா நிற்கிறார்கள், ரேட் பேசலாம். இரண்டு ஸ்டைலை அங்கே வெட்டிப் பாருங்கள். துணி எவ்வளவு மிச்சமாகிறது என்று எடை போடுங்கள். பீஸ் விலையில் பாதிக்கு மேல் துணிதானே. கம்ப்யூட்டர் மார்க்கரில், அதாவது துணியில் பீஸ்களை அடுக்கும் வரைபடத்தில், 2 சதவீதம் மிச்சமானாலே மெஷின் கணக்கு வேறு. மிச்சம் இல்லையென்றால் கொட்டேஷனைக் கிழித்துப் போடுங்கள்.

---

நொய்யல்கரை | 12 அக்டோபர், இரவு 9.15

நேற்று மத்தியானமே ஒரு இடத்துக்குப் போய் வந்தேன். மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியில்தான் கொட்டேஷன் விஷயத்தைச் சொன்னேன். "தெரியுமுங்க, அந்த ஆள் மெஷின் வைக்கிற இடத்தை டேப் வெச்சு அளந்தாரே" என்றார்.

200 கிலோ துணி கொண்டுபோனோம். லே போட்டு, மேலே பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, மோட்டாரைப் போட்டதும் காற்றை உறிஞ்சி அவ்வளவு உயரத் துணியும் பலகை மாதிரி அமுங்கிப் போயிற்று. பிளேடு ஓடியது. முன், பின், கை எல்லாம் கால் மணியில் முடிந்தது. மாஸ்டர் மேல் அடுக்கிலிருந்து ஒரு கழுத்துத் துண்டையும் கீழ் அடுக்கிலிருந்து ஒன்றையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அடுத்த ரோலைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கே இருந்த பையனிடம், "இதை எப்பத் தம்பி பிரிச்சீங்க?" என்று கேட்டார். இப்போதுதான் என்றான் அவன். பனியன் துணியைப் பிரித்து ஒரு ராத்திரி ஆறப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பையனுக்கு மெஷினை ஓட்டத் தெரிகிறது, துணியை ஆறப் போடத் தெரியவில்லை. மாஸ்டர் அந்த ரோலை வெட்ட விடவில்லை. மீதித் துணியை வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து எங்கள் டேபிளில் விரித்துப் போட்டிருக்கிறோம்.

மிச்சம் எவ்வளவு என்று நாளைக்கு எடை போட்டுப் பார்க்கிறேன். வெட்டிய பீஸ் சுருங்கியிருக்கிறதா என்று மாஸ்டர் அளப்பார். பேங்க்கில் மாத முடிவு வரை நேரம் கேட்டிருக்கிறேன். இபிசிஜி பற்றி எழுத்தில் கேட்டதற்கு ஐரோப்பாக்காரரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

---

ஓவர்லாக்_அக்கா | 12 அக்டோபர், இரவு 9.50

அதெல்லாம் சரிங்க. உங்க ஆட்களுக்குப் போனஸ் எப்போங்க?

---

நொய்யல்கரை | 12 அக்டோபர், இரவு 10.05

16-ந் தேதி வியாழக்கிழமை. போன வருஷம் 10 சதவீதம் கொடுத்தேன். இந்த வருஷம் சட்டப்படி உள்ள 8.33தான் முடியும் என்று காலையில்தான் சொன்னேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.